குளோரின்: நீரைக் காக்கும், மூச்சை நிறுத்தும்

பல ஆண்டுகள் இடம்பெயர்ந்து அலைந்த குடும்பம் தன் சொந்தக் காணிக்குத் திரும்பும்போது முதலில் எட்டிப் பார்ப்பது கிணற்றைத்தான். வீடு இடிந்து கிடந்தால் ஒரு கொட்டில் போட்டுக்கொள்ளலாம். தண்ணீர் இல்லாவிட்டால் அங்கே ஒரு நாள்கூடத் தங்க முடியாது. ஆனால் ஆளில்லாக் காணியின் கிணறு பாழடைந்திருக்கும். கட்டு இடிந்திருக்கும், ஆலங்கன்று முளைத்திருக்கும், குப்பையும் செத்த பிராணிகளும் அடியில் கிடக்கும். அந்தத் தண்ணீரைக் குடிக்கத்தக்கதாக்க நாம் நாடுவது வெள்ளை நிறமான ஒரு தூளை. புளீச்சிங் பவுடர் என்று எல்லாரும் அறிந்த தூள் அது.

இந்தத் தூளுக்கு நம் மக்கள் பெரிதும் கடன்பட்டிருக்கிறார்கள். 2004 டிசெம்பர் 26 ஆம் திகதி கடல் பொங்கி வந்து கரையோரக் கிணறுகளைக் கெடுத்தபோதும், 2009 இல் மூன்று இலட்சத்துக்குக் கிட்டிய மக்கள் வவுனியா முகாம்களில் அடைபட்டிருந்தபோதும் தண்ணீரில் குளோரின் இடப்பட்டது. வாந்திபேதி, நெருப்புக்காய்ச்சல் போன்றவற்றைத் தடுக்க இதைவிட மலிவான காவல் ஏழைகளுக்குக் கிடையாது. ஆகவே குளோரினை வேண்டாம் என்று சொல்வதற்காக இக்கட்டுரை எழுதப்படவில்லை. அளவோடு தண்ணீரில் கரைந்து நிற்கும்வரை அது நமக்குக் காவல். தவறான பொருளோடு சேர்ந்தாலும், நெருப்பில் பட்டாலும், காற்றோட்டமில்லாத இடத்தில் தேங்கினாலும் அதே குளோரின் ஆளைக் கொல்லும் வாயுவாகிறது. கலவை, நெருப்பு, அடைபட்ட இடம் ஆகிய மூன்றையும் பற்றி நம் குடும்பங்கள் அறிந்திருக்க வேண்டும்.

உப்பில் பிறந்த வாயு

குளோரின் நமக்கு அந்நியமான பொருளன்று. நாம் சோற்றுக்குப் போடும் உப்பின் 100 கிராமில் சுமார் 60 கிராம் குளோரின்தான். உப்பில் அது சோடியத்தோடு இறுகக் கட்டுண்டிருப்பதால் தீங்கு செய்வதில்லை. உப்புக் கரைசலுக்குள் மின்சாரத்தைச் செலுத்தினால் அந்தக் கட்டு அவிழ்ந்து குளோரின் வாயுவாக வெளிவரும். கூடவே கோஸ்டிக் சோடாவும் கிடைக்கும். ஆனையிறவு உப்பைக் கொண்டு பரந்தன் இரசாயனத் தொழிற்சாலை செய்துவந்த வேலை இதுதான். வன்னியின் மூத்தவர்கள் பலருக்கு அந்தத் தொழிற்சாலை நினைவிருக்கும். போர் அதை மூடிவிட்டது.

1774 இல் சுவீடன் நாட்டு விஞ்ஞானி ஷீலே இந்த வாயுவை முதலில் பிரித்தெடுத்தார். 1810 இல் இங்கிலாந்தின் ஹம்பிறி டேவி இது ஒரு தனிமூலகம் என்று நிறுவி, அதன் மஞ்சள் கலந்த பச்சை நிறத்தைக் குறிக்கும் கிரேக்கச் சொல்லால் அதற்குப் பெயரிட்டார். நீற்றிய சுண்ணாம்பின்மேல் இவ்வாயுவைச் செலுத்தினால் சுண்ணாம்பு அதை உறிஞ்சிக்கொள்ளும். அவ்வாறு கிடைப்பதே புளீச்சிங் பவுடர். நல்ல புதுத் தூளின் நிறையில் ஏறக்குறைய மூன்றில் ஒரு பங்கு பயன்தரும் குளோரின் இருக்கும். அது சுண்ணாம்பிடம் நிரந்தரமாகத் தங்கிவிடுவதில்லை. வெயிலும் ஈரமும் பட்டால் சிறிது சிறிதாக வெளியேறுகிறது. பழைய தூள் வலுவிழப்பதும், பையைத் திறந்ததும் மூக்கில் ஏறுவதும் இதனாலேயே.

சுவாசத்தோடு உள்ளே போகும் குளோரின் தொண்டையிலும் நுரையீரலிலும் உள்ள ஈரத்தோடு சேர்ந்து அமிலமாக மாறுகிறது. பத்து இலட்சம் பங்கு காற்றில் ஒன்று முதல் மூன்று பங்கு வரை இருந்தாலே கண்ணும் மூக்கும் எரியும். 30 பங்கானால் நெஞ்சு நோவும், விடாத இருமலும், மூச்சுத் திணறலும் வரும். 400 பங்குக்கு மேற்பட்டால் அரை மணித்தியாலத்தில் உயிர் போகலாம். 1000 பங்கானால் சில நிமிடங்களே போதும்.

கீழே இறங்கும் காற்று

குளோரின் காற்றைவிட ஏறத்தாழ இரண்டரை மடங்கு கனமானது. அடுப்புப் புகை மேலே எழும். குளோரினோ தண்ணீரைப்போலப் பள்ளத்தை நாடி ஓடி அங்கே தேங்கி நிற்கும். இதை அறிந்தே 1915 ஏப்பிரல் 22 ஆம் திகதி பெல்ஜியம் நாட்டின் ஈப்ரெஸ் நகருக்கு அருகே ஜேர்மன் படையினர் சுமார் 6000 உருளைகளைத் திறந்து, 150 தொன்னுக்கு மேற்பட்ட குளோரினைக் காற்றின் போக்கில் விட்டனர். பதுங்கு குழிகள் எறிகணையிலிருந்து காத்தன. வாயுவோ அந்தக் குழிகளுக்குள்ளேயே இறங்கியது. நமது தீவிலும் 1990 யூன் மாதத்தில் மட்டக்களப்பு மாவட்டத்தின் கிழக்குக் கிரான் இராணுவ முகாமின்மீது விடுதலைப் புலிகள் குளோரினைப் பயன்படுத்தியமை பதிவாகியுள்ளது. காற்றில் விடப்பட்ட நஞ்சு நண்பன், பகைவன் என்று பார்ப்பதில்லை.

போரில்லாத இடத்திலும் இந்த ஆபத்து உண்டு. 2022 யூன் 27 ஆம் திகதி ஜோர்தான் நாட்டின் அக்கபா துறைமுகத்தில் பாரந்தூக்கியிலிருந்து ஒரு குளோரின் தாங்கி அறுந்து விழுந்தது. மஞ்சள் முகில் ஒன்று தரையோடு பரவியது. பத்துக்கு மேற்பட்டோர் இறந்தனர். இருநூறுக்கு மேற்பட்டோர் பாதிக்கப்பட்டனர்.

பதுங்கு குழிக்குள் வாழ்ந்தவர்களுக்கு இதற்குமேல் விளக்கம் தேவையில்லை. கிணறும் ஒரு குழிதான். மலக்குழியும், தண்ணீர்த் தாங்கியும், கதவு சாத்திய மலசலகூடமும் அப்படியே. கனமான வாயு அங்கே சென்றால் தானாக வெளியேறாது.

கிணறு துப்புரவு செய்யும்போது

கிணற்று வேலையில் வரிசை முக்கியம். முதலில் இறைப்பு, பின்னர் சேறு அள்ளுதல், பின்னர் உட்சுவர் உரஞ்சுதல், கடைசியாகத்தான் தூள். இந்த வரிசையை மாற்றி, தூளைப் போட்டுவிட்டுச் சேறு அள்ள இறங்குவதும், ஒருவர் உள்ளே நின்று சுவர் உரஞ்ச இன்னொருவர் மேலிருந்து தூளைக் கொட்டுவதும் மிகவும் ஆபத்தானவை. அடிச்சேற்றில் அழுகிய பொருட்கள் இருக்கும். அவற்றிலுள்ள அமோனியாவோடு குளோரின் சேர்ந்தால் வேறொரு எரிச்சல் வாயுவும் கிளம்பும். உள்ளே நிற்பவர் இருமத் தொடங்கும்போது ஏணியில் ஏறும் பலம் அவருக்கு இருக்காது.

பின்வரும் முறையைக் கைக்கொள்ளுங்கள்.

1. விடுவிக்கப்பட்ட காணியாயின், கிணறும் அதன் சுற்றுப்புறமும் வெடிபொருள் அகற்றுவோரால் பார்க்கப்பட்டதை உறுதிசெய்த பின்னரே வேலையைத் தொடங்குங்கள். கிணற்றில் இனந்தெரியாத தகரமோ உருளையோ காணப்பட்டால் தொடாதீர்கள்.

2. இறைப்பு இயந்திரத்தைக் கிணற்றுக்குள் இறக்கி ஓடவிடாதீர்கள். அதன் புகையிலுள்ள காபனோரொட்சைட்டு குளோரினைப்போல் மணக்காது, எரியாது. அறிவிப்பின்றியே ஆளை மயக்கிவிடும்.

3. இறங்குபவரின் இடுப்பில் கயிறு கட்டப்பட்டிருக்க வேண்டும். மேலே பலமுள்ள இருவராவது நிற்க வேண்டும்.

4. துப்புரவு முடிந்து எல்லாரும் மேலே வந்த பின்னரே தூளைத் தொடுங்கள். திறந்தவெளியில், காற்றுக்கு முதுகு காட்டி நின்று, பிளாஸ்ரிக் வாளியில் முதலில் தண்ணீரை எடுத்து, அதற்குள் தூளைச் சிறிது சிறிதாகப் போட்டுத் தடியால் கலக்குங்கள். தூளின்மேல் தண்ணீரை ஊற்றாதீர்கள். சுண்ணாம்பு அடியில் படிந்ததும் தெளிந்த நீரைக் கிணற்றைச் சுற்றி மேலிருந்து ஊற்றுங்கள்.

5. ஓரிரவு விட்டு, மணம் போகும்வரை இறையுங்கள். அந்தத் தண்ணீரை மரக்கறிப் பாத்திக்கோ மீனுள்ள குளத்துக்கோ விடாதீர்கள். அதுவரை ஒருவரும் உள்ளே இறங்கக் கூடாது.

எவ்வளவு தூள் வேண்டும் என்பதைக் கைப்பிடிக் கணக்கில் தீர்மானிக்கக் கூடாது. கிணற்றின் விட்டத்தை மீற்றரில் அளந்து, அதை அதே எண்ணால் பெருக்கி, நீரின் ஆழத்தாலும் பெருக்கி, வருவதை 0.785 ஆல் பெருக்கினால் எத்தனை கனமீற்றர் நீர் உண்டு என்பது தெரியும். இரண்டு மீற்றர் விட்டமும் ஒன்றரை மீற்றர் நீரும் உள்ள கிணற்றில் 4.7 கனமீற்றர், அதாவது 4700 லீற்றர் நீர் இருக்கும். இந்தக் கணக்கோடு உங்கள் பகுதிப் பொதுச் சுகாதாரப் பரிசோதகரிடம் சென்றால், தூளின் வலுவையும் பார்த்துச் சரியான அளவைச் சொல்வார். கூடப் போட்டால் கூட நல்லது என்பது தவறான எண்ணம். குடிக்கும் நீரில் ஒரு லீற்றருக்கு அரை மில்லிகிராம் அளவு குளோரின் எஞ்சி நின்றாலே போதுமென்பது உலக சுகாதார நிறுவனத்தின் வழிகாட்டல்.

ஒரு பழக்கத்தைப் பற்றித் தனியாகச் சொல்ல வேண்டும். கிணற்றுக்குள் விளக்கை இறக்கி, அது அணையாவிட்டால் ஆள் இறங்கலாம் என்று நம் பெரியவர்கள் பார்ப்பதுண்டு. விளக்கு அணைந்தால் உள்ளே ஒட்சிசன் போதாது என்று அறியலாம். அந்த அளவில் அது நல்ல சோதனை. ஆனால் ஆளைக் கொல்லப் போதுமான குளோரினோ காபனோரொட்சைட்டோ உள்ள காற்றிலும் விளக்கு எரிந்துகொண்டேயிருக்கும். எரியும் விளக்கை நம்பி இறங்காதீர்கள்.

சேரக்கூடாதவை

புளீச்சிங் பவுடரும் அசிட்டும் சேர்ந்தால் சுண்ணாம்பு பிடித்து வைத்திருந்த குளோரின் உடனே வாயுவாக வெளிவரும். மலசலகூடம் கழுவும் அசிட், பற்றரி அசிட், ஏன், வினாகிரியும் தேசிக்காய்ப் புளியும்கூட அமிலங்களே. பொது மலசலகூடத்தைக் கழுவுபவர் கறை போக அசிட்டை ஊற்றி, மணம் போகப் பவுடரையும் தூவி, கதவைச் சாத்திக்கொண்டு உரஞ்சுகிறார் என்று வைத்துக்கொள்வோம். 100 கிராம் பவுடரிலுள்ள குளோரின் முழுவதும் வெளிவந்தால் அது சுமார் 10 லீற்றர் வாயு. நான்கடி நீளமும் நான்கடி அகலமும் ஏழடி உயரமும் கொண்ட மலசலகூடத்தில் ஏறக்குறைய 3000 லீற்றர் காற்றுத்தான் இருக்கும். அப்படியானால் பத்து இலட்சத்தில் 3000 பங்கு! முழுவதும் ஒரேயடியாக வெளிவருவதில்லை. அதில் பத்தில் ஒரு பங்கு வந்தாலே 300 பங்காகிவிடும். மேலே சொன்ன அளவுகளோடு இதை ஒப்பிட்டுப் பாருங்கள். நாள்தோறும் இந்த வேலையைச் செய்பவர்கள் பெரும்பாலும் பெண்கள் என்பதையும் நினைவிற்கொள்ளுங்கள்.

இரண்டாவது ஆபத்து அமோனியா. யூரியா, அமோனியம் சல்பேற்று போன்ற உரங்களிலிருந்தும், மாட்டுக் கொட்டிலின் மூத்திரத்திலிருந்தும் அது வரும். இவற்றோடு குளோரின் சேர்ந்தால் குளோரமைன் என்னும் வாயுக்கள் உண்டாகிக் கண்ணையும் நெஞ்சையும் எரிக்கும். பவுடர் யூரியாவோடு நேரடியாகக் கலந்தால் வெடிக்கக்கூடிய பொருளும் உண்டாகலாம். ஆகவே மாட்டுக் கொட்டிலைக் கழுவ வேண்டுமாயின் சாணியையும் மூத்திரத்தையும் முதலில் நிறையத் தண்ணீர் விட்டு அகற்றுங்கள். மாட்டையும் ஆட்டையும் வெளியே கட்டிவிட்டு, கடைசியில்தான் குளோரின் நீரைத் தெளியுங்கள்.

மூன்றாவது எண்ணெய். மண்ணெண்ணெய், டீசல், கிறீஸ் இவற்றில் ஏதாவது வலுவான குளோரின் தூளில் சிந்தினால் தீக்குச்சி இல்லாமலே சூடேறித் தீப்பற்றக்கூடும். தீயோடு குளோரினும் கிளம்பும்.

நான்காவது, தண்ணீர் சுத்திகரிக்கும் குளோரின் வில்லைகள். இவையும் பவுடரும் ஒரே வேலையைச் செய்தாலும் வெவ்வேறு இரசாயனங்கள். இரண்டையும் ஒரே போத்தலில் போட்டு வைக்காதீர்கள்.

கொட்டிலில் வாழும் குடும்பத்துக்கு இதெல்லாம் எப்படி இயலும் என்று கேட்பீர்கள். ஒரே கூரையின்கீழ் ஒரு மூலையில் யூரியாப் பை, அதன்மேல் பவுடர்ச் சரை, பக்கத்தில் மண்ணெண்ணெய்க் கலன், கிருமிநாசினிப் போத்தல், அடுத்த மூலையில் குழந்தையின் பாய். பங்குகளில் இந்தக் காட்சியை நான் பலமுறை கண்டிருக்கிறேன். இடமின்மைதான் காரணம், கவலையீனமன்று. ஆனாலும் ஒன்றைச் செய்யலாம். பத்துக் குடும்பங்கள் சேர்ந்து வீடுகளுக்கு அப்பால் ஓலையாலோ தகரத்தாலோ நிழலான இரண்டு சிறு அறைகளைக் கட்டுங்கள். ஒன்றில் உரமும் எண்ணெயும் இருக்கட்டும். சற்றுத் தள்ளி மற்றதில் குளோரின் மாத்திரம் மூடியுள்ள பிளாஸ்ரிக் வாளியில், நிலத்தில் படாமல், ஈரமில்லாமல் இருக்கட்டும். அசிட்டை இரண்டிலும் வைக்காதீர்கள்.

எரிக்கும்போது வரும் நஞ்சு

குளோரின் தூளில் மாத்திரம் இருப்பதில்லை. தோட்டத்துக்குத் தண்ணீர் கொண்டுபோகும் பீ.வீ.சீ. குழாயின் மூலப்பொருளில் நிறையிற் பாதிக்கு மேல் குளோரின்தான். மின்சார வயரின் உறை, றெக்சின் துணி போன்றவற்றிலும் அது உண்டு. இவை எரியும்போது ஐதரசன் குளோரைட்டு என்ற வாயு வரும். கண்ணீரிலும் நுரையீரலின் ஈரத்திலும் பட்டதும் அது ஐதரோகுளோரிக் அமிலமாகிவிடும். ஈர விறகைப் பற்றவைக்கக் குழாய்த் துண்டையோ றெக்சினையோ அடுப்பில் வைக்கும் தாய், அந்த அமிலத்தைத் தானும் சுவாசித்துத் தன் பிள்ளைக்கும் கொடுக்கிறாள். தொய்வு உள்ளவர்களுக்கு இது இரட்டை ஆபத்து.

செம்புக்காக வயர் எரிப்பது இன்னும் கொடியது. தொழிலிழந்த குடும்பங்கள் பழைய இரும்பும் செம்பும் பொறுக்கி விற்றுச் சீவிப்பதை அறிவோம். பிள்ளைகளே வயர்க் கட்டுகளைக் கொளுத்துகிறார்கள். பீ.வீ.சீ. செம்போடு சேர்ந்து எரியும்போது டயொக்சின் என்னும் நஞ்சு கூடுதலாக உண்டாகிறது. டயொக்சின் உடனே இருமலைத் தராது. சாம்பலோடு மண்ணில் படிந்து, மண்ணைக் கிளறும் கோழியின் கொழுப்பிலும் முட்டையிலும், புல் மேயும் மாட்டின் பாலிலும் சேர்ந்து நம்மிடம் வரும். உடலில் பல ஆண்டுகள் தங்கும். புற்றுநோயை உண்டாக்கும். 1976 யூலை 10 ஆம் திகதி இத்தாலியின் செவேசோ என்ற ஊருக்கருகில் குளோரின் கொண்ட இரசாயனம் ஒன்றைத் தயாரித்த ஆலையிலிருந்து டயொக்சின் கலந்த முகில் வெளியேறியது. கோழிகளும் முயல்களும் ஆயிரக்கணக்கில் மடிந்தன. நஞ்சு உணவில் சேராதிருக்கப் பல்லாயிரம் கால்நடைகள் கொல்லப்பட்டன. குடும்பங்கள் தங்கள் வீடுகளைவிட்டு வெளியேற்றப்பட்டன. அவர்களும் இடம்பெயர்ந்தோரே. இத்தகைய நஞ்சுகளைக் குறைப்பதற்காக 2001 இல் ஏற்பட்ட ஸ்ரொக்ஹோம் உடன்படிக்கையில் இலங்கையும் சேர்ந்திருக்கிறது.

வயரைக் கத்தியால் கீறி உரித்துச் செம்பை எடுங்கள். நேரம் பிடிக்கும். ஆனால் உரித்த செம்பு கருகாமல் இருப்பதால் அதன் தரம் கெடாது. ஒரு பிளாஸ்ரிக் துண்டு என்னவென்று தெரியாவிட்டால் தண்ணீரில் போட்டுப் பாருங்கள். கடைப்பை போன்ற பொலித்தீன் மிதக்கும். பீ.வீ.சீ. மூழ்கும். வேறு சில பிளாஸ்ரிக்குகளும் மூழ்குமாதலால், மூழ்குகின்ற எதையும் நெருப்பில் போடாதிருப்பதே நல்லது. மிதப்பதால் அது எரிக்க உகந்தது என்றும் எண்ணிவிட வேண்டாம். அடுப்புக்கு ஊமலும் சிரட்டையும் பன்னாடையும் இருக்கின்றன.

கிருமிநாசினி, களைநாசினி போத்தல்களையும் எரிக்காதீர்கள். நெல்வயலில் களைக்கு அடிக்கும் எம்.சி.பி.ஏ. போன்ற பல மருந்துகளில் குளோரின் உண்டு. போத்தலின் அடியில் எஞ்சிய சில துளிகள் நெருப்பில் நச்சு வாயுவாகும். போத்தலை மூன்று முறை கழுவி, கழுவிய நீரைத் தெளிகருவிக்குள்ளேயே ஊற்றி, போத்தலை மீண்டும் பயன்படுத்த முடியாதபடி துளையிட்டு வையுங்கள். அவற்றை எங்கே ஒப்படைப்பது என்று கமநல சேவை நிலையத்தில் கேளுங்கள்.

வைக்கோல் மணக்கும் நஞ்சு

உழவு இயந்திரம் திருத்தும் கராஜ்களில் வேலை பழகும் இளைஞர்களுக்கு ஒரு வார்த்தை. கிறீஸ் கழுவவும் பிறேக் துப்புரவாக்கவும் பயன்படும் சில திரவங்கள் குளோரின் கொண்டவை. அவை காயாத இரும்பில் வெல்டிங் செய்தால், அல்லது அவற்றின் ஆவி நெருப்பில் பட்டால், பொஸ்ஜீன் என்னும் வாயு உண்டாகலாம். முதலாம் உலகப் போரில் நச்சு வாயுவால் இறந்தவர்களில் மிகப் பெரும்பாலோரைக் கொன்றது குளோரினன்று, இந்தப் பொஸ்ஜீனே. 1984 டிசெம்பர் 2 ஆம் திகதி இரவு இந்தியாவின் போபால் நகரில் கசிந்து, ஆலையைச் சுற்றிக் குடிசைகளில் உறங்கிய ஆயிரக்கணக்கான ஏழைகளைக் கொன்ற வாயு வேறொன்றாயினும், அதைத் தயாரிக்கப் பொஸ்ஜீனே பயன்பட்டது.

இதன் மணம் கமக்காரரை ஏமாற்றும். புதிதாக வெட்டிய புல்லைப்போல, அல்லது பூஞ்சணம் பிடித்த வைக்கோலைப்போல மணக்கும். வயலில் வளர்ந்தவன் அதை நஞ்சென்று எண்ணமாட்டான். மணம் தெரியுமுன்பே ஆபத்தான அளவைத் தாண்டியும் இருக்கலாம். குளோரின் உடனே இருமச் செய்து ஆளை விரட்டும். பொஸ்ஜீன் அப்படிச் செய்வதில்லை. சிறிது தொண்டைக் கரகரப்போடு வீட்டுக்குப் போய்ச் சாப்பிட்டுப் படுத்தவருக்கு, பல மணித்தியாலங்கள் கழித்து, சிலவேளை மறுநாள்கூட, நுரையீரலில் நீர் கட்டி மூச்சு முட்டும். கழுவிய இரும்பை வெளியே வைத்து நன்றாகக் காயவிட்ட பின்னரே வெல்டிங் செய்யுங்கள். கழுவும் திரவத்தையும் வெல்டிங் இடத்தையும் தூரத்தூர வையுங்கள்.

ஒருவர் அகப்பட்டுவிட்டால்

கிணற்றுக்குள்ளோ குழிக்குள்ளோ ஒருவர் மயங்கினால் அவரை எடுக்க உடனே இறங்குவது மனித இயல்பு. தம்பிக்காக அண்ணன் இறங்குவான், மகனுக்காகத் தகப்பன் இறங்குவார். ஒரு சாவு இரண்டாவதும் மூன்றாவதும் ஆவது இப்படித்தான். ஈரத் துணியை மூக்கில் கட்டிக்கொண்டு இறங்கலாம் என்று எண்ணாதீர்கள். அது தப்பியோடும் சில கணங்களுக்குச் சற்று உதவலாமே தவிர, உள்ளே இறங்கி வேலை செய்ய உதவாது. இடுப்புக் கயிறு கட்டியிருந்தால் மேலிருந்தே இழுத்துவிடலாம். முன்னரே கயிறு கட்டச் சொன்னது இதற்காகத்தான்.

திறந்தவெளியில் வாயு பரவினால், காற்று வரும் திசைக்குக் குறுக்காக விலகி மேட்டுப் பக்கம் செல்லுங்கள். குழந்தையைத் தரையில் விடாமல் தோளில் தூக்குங்கள். பள்ளத்தில் பதுங்காதீர்கள். எறிகணைக்குப் பழகிய கால்கள் பள்ளத்தைத் தேடும். இங்கே அது கூடாது.

வெளியே கொண்டுவந்தவரின் உடுப்பைக் களைந்து, கண்ணையும் தோலையும் நல்ல தண்ணீரால் 15 நிமிடமாவது கழுவுங்கள். படுக்க வைக்காமல் சாய்ந்து உட்கார வையுங்கள். நடக்கவோ வேலை செய்யவோ விடாதீர்கள். பாலோ தேசிக்காய்த் தண்ணீரோ கொடுத்து நஞ்சை முறிக்கலாம் என்பது வீண் நம்பிக்கை. நஞ்சு போயிருப்பது நுரையீரலுக்கு, வயிற்றுக்கல்ல. 1990 என்ற இலக்கத்துக்கு அழைத்து அம்புலன்ஸில் வைத்தியசாலைக்குக் கொண்டுசெல்லுங்கள். எந்தப் பொருளோடு எந்தப் பொருள் சேர்ந்தது என்பதை வைத்தியரிடம் சொல்லுங்கள். முடிந்தால் போத்தலின் லேபலையும் கொண்டுபோங்கள். இருமல் நின்றுவிட்டது என்று உடனே வீட்டுக்குத் திரும்பாமல், வைத்தியர் சொல்லும்வரை அங்கே தங்குங்கள்.

கேட்பது நமது உரிமை

இவ்வளவும் மக்கள் செய்ய வேண்டியவை. பொறுப்பு மக்களுடையது மாத்திரமா? நிவாரணமாகவோ மீள்குடியேற்ற உதவியாகவோ வரும் பவுடர், பெரிய கலனிலிருந்து சிறிய பொலித்தீன் பைகளில் அள்ளிக் கட்டப்பட்டு, பெயரோ திகதியோ எச்சரிக்கையோ இல்லாமல் கைக்கு வருவதுண்டு. லேபல் இருந்தாலும் நம் மக்கள் வாசிக்க முடியாத மொழியில் இருப்பதுண்டு. 1987 ஆம் ஆண்டின் 13 ஆவது திருத்தத்தின்படி தமிழும் இந்நாட்டின் அரச கரும மொழியாகும். உயிரைக் காக்கும் எச்சரிக்கையைத் தமிழில் கேட்பது சலுகை கேட்பதன்று. கொடுப்பவர் அரச திணைக்களமாக இருந்தாலும், அரச சார்பற்ற நிறுவனமாக இருந்தாலும், திருச்சபையின் தொண்டு நிறுவனமாகவே இருந்தாலும், இந்தக் கேள்வியைக் கேளுங்கள். எழுத்தில்லாத பையை வாங்க மறுக்கவும் உங்களுக்கு உரிமை உண்டு.

2015 இல் வெளியிட்ட சுற்றுமடலில், பாதுகாப்பான குடிநீர் பெறுவது அடிப்படை மனித உரிமை என்று திருத்தந்தை பிரான்சிஸ் எடுத்துரைத்தார். அந்த உரிமையைப் பெறுவதற்காக ஏழை தன் மூச்சைப் பணயம் வைக்க வேண்டியிருந்தால் அது நீதியாகாது.

அடுத்த மழைக்கு முன் உங்கள் கிராம அபிவிருத்திச் சங்கமோ, மாதர் சங்கமோ, கமக்காரர் அமைப்போ ஒரு மாலைப்பொழுதில் கூடட்டும். பொதுச் சுகாதாரப் பரிசோதகரை அழையுங்கள். கிணறு துப்புரவுக்கு ஊருக்கொரு நீண்ட நல்ல கயிற்றை வாங்கி வையுங்கள். தூளைப் பொறுப்பாக வைக்க ஒருவரையும் அவருக்கு உதவியாக இன்னொருவரையும் நியமியுங்கள். பொதுக் கிணற்றுக் கட்டில் மூன்று வரிகளைப் பெரிய எழுத்தில் எழுதி வையுங்கள்: தூளோடு எதையும் கலக்காதே. குழாயையும் வயரையும் எரிக்காதே. தூள் போட்ட கிணற்றில் இறங்காதே. எழுத்தறியாத பெரியவர்களுக்குப் பிள்ளைகள் அதை வாசித்துக் காட்டட்டும்.